கம்பியில்லாக் கருவி வாங்கப் போகிறவர்களுக்கு

இணைய வழியாக நான் நடத்தும் மாலை வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணைச் சென்ற மாதம் இரண்டு தடவை கடிந்துகொண்டேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவள் திரையிலிருந்து மறைந்துவிடுவாள்; தோன்றுவாள்; மறுபடி மறைவாள். படிப்பில் சிரத்தையில்லை என்று நானே தீர்மானித்து, அவளுடைய தகப்பனாரிடமும் சொல்லிவைத்தேன். அவர் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவர். மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார்.

"ஸார், குழந்தை மேல் தப்பில்லை. மேஜைக் கம்ப்யூட்டருக்கு வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கிச் சொருகியிருக்கிறேன். அது வேலை செய்கிற லட்சணந்தான் இது. கடையில் கேட்டால், கம்ப்யூட்டரே பழசு, அதைத் தள்ளிவிட்டு லாப்டாப் வாங்குங்கள் என்கிறார்கள்" என்றார்.

பல்லாயிரம் ரூபாய்க்கு அவர் எங்கே போவார்? அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றேன். ரௌட்டர் கூடத்தில் இருந்தது. கம்ப்யூட்டரோ இரண்டு சுவர்களுக்கு அப்பால் பின்கட்டு அறையில். நகத்தளவே உள்ள அடாப்டர், மேஜைக்கு அடியில், இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தவாறு ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் குற்றம் ஒன்றுமில்லை.

கம்பியில்லா அலைகள் சுவரைக் கடந்து செல்லும் என்பதை நம் நாட்டிலேயே கண்ணெதிரே காட்டியவர் ஒருவர் உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் செலுத்தி, தூரத்தில் மணியடிக்கவும் வெடிமருந்து தீப்பற்றவும் செய்தார். ஆனால் சுவரைக் கடக்கும் அலை அதற்குக் கப்பம் கட்டாமல் கடப்பதில்லை. இரும்பை அது கடப்பதே இல்லை எனலாம். அடாப்டர் வாங்கும்போது இதை முதலில் மனத்தில் வைக்கவேண்டும்.

வைஃபைக்கு வழக்கமாக உபயோகமாகும் அலைவரிசைகள் இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவர்களைத் தாண்டி அதிக தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் மூன்றே. அக்கம் பக்கத்து ரௌட்டர்களும், புளூடூத் சாமான்களும், மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் பாதைகள் அதிகம், நெருக்கடி குறைவு. ஆனால் சுவர் அதை எளிதில் சோர்வடையச் செய்துவிடும். மிகவும் மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் முதல் வரிசையை மட்டுமே அறிந்தவை. தனி வீட்டில் அது போதலாம்; அடுக்கு மாடிக் குடியிருப்பில் போதாது. ஆகவே இரண்டு வரிசைகளுக்கும் ஏற்றதாய், வெளியே நீட்டிய ஆன்டெனா உள்ளதாய் ஒன்று வாங்குவதே உத்தமம். உங்கள் ரௌட்டரும் 5 கிகாஹெர்ட்ஸ் தருகிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண். "600" என்று கண்டால் மயங்கவேண்டாம். ஒரு வரிசையில் 150, மற்றதில் 433. இரண்டையும் கூட்டி, சற்றே உயர்த்திச் சொன்ன கணக்கு அது. அடாப்டர் ஒரு சமயத்தில் ஒரு வரிசையில்தான் வேலை செய்யும். அதிலும், சொன்ன வேகத்தில் பாதி கையில் கிடைத்தால் திருப்தியடையலாம். வீட்டுக்கு வரும் இணைப்பே விநாடிக்கு 50 மெகாபிட்டானால், "1300" என்ற அடாப்டருக்கு அதிகப் பணம் கொடுப்பது குறுகலான வாய்க்காலுக்கு அகலமான மதகு கட்டுவது போலாகும். மேலும், அத்தகைய வேகத்துக்கு யூஎஸ்பி 3.0 துவாரமும் வேண்டும். பழைய கம்ப்யூட்டர்களில் உள்ள 2.0 துவாரத்தின் உச்ச வரம்பு 480 மெகாபிட்தான்.

மூன்றாவது, இடம். சுமார் ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி, அடாப்டரை மேஜைமேல் ரௌட்டரைப் பார்த்தபடி வையுங்கள். யூஎஸ்பி 3.0 துவாரங்களிலிருந்தும் கம்பிகளிலிருந்தும் கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே எழுதியிருக்கிறது. அதனின்று விலகவும் இது உதவும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. சில அடாப்டர்களுக்கு டிரைவர் என்னும் மென்பொருளை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். அடாப்டர் வேலை செய்தால்தானே இணையம்! அப்போது செல்பேசியை யூஎஸ்பி கம்பியால் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் இணையத்தைக் கடனாகக் கொடுத்தால் காரியம் முடிந்துவிடும். லினக்ஸ் உபயோகிப்பவர்கள், வாங்குமுன் அடாப்டரில் உள்ள சில்லு தங்கள் பதிப்புக்கு ஏற்றதா என்று விசாரிப்பது அவசியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரௌட்டர் அருகிலேயே இருந்தால் அடாப்டரே வேண்டாம். மேஜைக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் லான் கம்பிக்கு இடம் உண்டு. அக்கம்பி சுவருக்கும் அண்டை வீட்டாருக்கும் அஞ்சாது; விலையும் சொற்பம்.

நண்பர் வீட்டில் கம்பி இழுக்க வழியில்லை. முதலில் பழைய அடாப்டரையே நீட்டிப்புக் கம்பியில் மாட்டி மேஜைமேல் வைத்தோம். மறைவது பாதியாகக் குறைந்தது. பிறகு சுமார் ஆயிரம் ரூபாயில் இரட்டை வரிசை அடாப்டர் ஒன்று வாங்கினார். பழைய கம்ப்யூட்டர் குப்பைக்குப் போகாமல் பிழைத்தது.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண் முக்கால் மணி நேரமும் திரையில் இருந்தாள். பாடத்தைத் தொடங்குமுன், எல்லாப் பிள்ளைகளும் கேட்க, அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. இருந்தும் அடாப்டர் வாங்குவதைவிட அது சற்றுக் கடினமாகவே இருந்தது.