வாங்கும்போது "வாங்க சார்". திருப்பிக் கொடுத்தால் "நாளைக்கு வா"!

பழுதான உதிரி பாகத்துடன் அலையும் மோட்டார் சைக்கிள்காரர்கள்

சென்னை,

சென்னையில் மோட்டார் சைக்கிள் உதிரி பாகம் என்றால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது ஜி.பி. ரோடு. விலை குறைச்சலாக வேண்டுமென்றால் புதுப்பேட்டை. காசை நீட்டினால் கேட்ட பாகம் ஐந்து நிமிடத்தில் கைக்கு வரும். அதே பாகத்தைப் பழுது என்று திருப்பிக் கொண்டு போனால்தான் வினை!

வழக்கமாக நடப்பது இதுதான். பழைய கார்புரேட்டர் வண்டி நடுரோட்டில் நின்று விடுகிறது. "சி.டி.ஐ. போயிடுச்சு சார்" என்கிறார் மெக்கானிக். பிளக்கில் நேரத்துக்குப் பொறி பறக்க வைக்கும் சின்னப் பெட்டி அது. புதுசு வாங்கி மாட்டுகிறார்கள். இரண்டாம் நாளே வண்டி மறுபடி படுத்துக் கொள்கிறது.

கடைக்குப் போனால், "எலெக்ட்ரிக் அயிட்டத்துக்கு கியாரண்டி கிடையாது" என்று பதில். கொஞ்சம் சத்தம் போட்டால், "கொடுத்துட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்பறோம்" என்கிறார்கள். அத்தோடு சரி. போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் முதலாளி இல்லை. பையனுக்கு விவரம் தெரியாது.

மௌனம் யாருக்கு லாபம்?

கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டியின் ஒயரிங்கில் கோளாறு இருந்தால் நல்ல பாகமும் எரிந்து போகும். மொத்த வியாபாரி மாற்றித் தராவிட்டால் நஷ்டம் சின்னக் கடைக்குத்தான்.

ஆனால், "முடியாது" என்று சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த வழியைப் பார்ப்பார். "நாளைக்கு" என்றால் காத்திருப்பார். அதற்குள் பில் தொலைகிறது. மெக்கானிக் வண்டியைப் பிரித்து வேறு ஒயர் போடுகிறார். பிறகு, "நீங்கதான் கெடுத்தீங்க" என்று கை விரிப்பது சுலபமாகி விடுகிறது. வண்டியை நம்பி டெலிவரி வேலை செய்பவருக்கோ தினமும் கூலி போச்சு!

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் தர வேண்டும். போடவில்லை என்றால் 30 நாட்களுக்குள். பில் கொடுக்காமல் விற்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவரும் நுகர்வோர்தான். "நீ தொழில் செய்யறவன்" என்று அவரைத் தள்ளிவிட முடியாது.

என்ன செய்யலாம்?

முதல் காரியம் பில். மெக்கானிக்கே வாங்கி மாட்டினாலும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாவிட்டால் கடைக்காரர் மெக்கானிக்கைக் காட்டுவார். மெக்கானிக் கடையைக் காட்டுவார்.

அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடக் கூடாது. தயாரிப்பாளர் விலாசமும், புகாருக்கான போன் நம்பரும் அதில்தான் இருக்கும். கடை வாய் திறக்காவிட்டால் நேரே அங்கே கேட்கலாம்.

பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தேதி போட்டு ரசீது வாங்க வேண்டும். தர மறுத்தால் அங்கேயே வாட்ஸ்அப்பில், "இன்ன தேதி, இன்ன பாகம் கொடுத்தேன்" என்று படத்துடன் அனுப்பி வைக்கலாம். பதில் வராவிட்டாலும் அது ஒரு சாட்சி.

அதற்கும் மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயம் இல்லை. குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். கெடு 2 ஆண்டு. பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவை மட்டும் மனுதாரரைக் கட்டச் சொல்லலாம்.

சில நூறு ரூபாய் சாமானுக்கு இவ்வளவு அலைச்சலா என்று பலர் விட்டு விடுகிறார்கள். "நாளைக்கு வா" என்பவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான்.

கடைக்காரர்களுக்கும் இதில் நஷ்டம் இல்லாத வழி ஒன்று உண்டு. "இன்ன தேதிக்குள் பதில் சொல்கிறோம்" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். பாதிச் சண்டை கடை வாசலிலேயே தீர்ந்து விடும்.