நடுகல் இல்லாத அணிகள்

கடந்த ஜூன் மாதம், கல்லூரி திறந்த முதல் வாரத்தில், எழுபதை நெருங்கும் ஒருவர் என்னைத் தேடித் தமிழ்த்துறைக்கு வந்தார். அலுவலகத்தில் கேட்டிருக்கிறார், உடற்கல்வித் துறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கிருந்து நூலகத்துக்கு. நூலகத்தில், "பழைய சங்கதி என்றால் தமிழ் சாரைப் பாருங்கள்" என்று என்னிடம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். 1976-இல் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் ஆடியவர் அவர். மதுரைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் காமராசர் இன்னும் சேராத காலம். மண்டலப் போட்டிக்கு மதுரை போய்வந்த பிறகு எடுத்த அணிப் புகைப்படம் ஒன்று விளையாட்டு அறையில் மாட்டியிருந்தது. அது வேண்டும் என்றார்.

"கப்பு, ஷீல்டு எதுவும் வேண்டாம் சார். அந்த போட்டோ ஒன்று போதும். ஒரு காப்பி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன்."

அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்த நண்பர் இறந்துவிட்டாராம். வாழ்நாள் முழுவதும் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அவர் வீட்டில் ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் இருக்கும் முகத்தைத் தவிர வேறு படம் இல்லை. "அப்பாவுக்குச் சின்ன வயதில் மீசை இருந்ததா என்று அவன் மகள் கேட்கிறாள் சார். இருந்தது என்று சொன்னேன். காட்ட ஒன்றுமில்லை."

அந்தப் படம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் தர மதிப்பீட்டுக் குழுவின் வருகைக்காகக் கல்லூரி வளாகத்தைத் தூய்மைப்படுத்தினோம். விளையாட்டு அறையை ஒழித்த குழுவில் நானும் ஓர் உறுப்பினன். கறையான் அரித்த சட்டங்களைக் கழற்றி, கண்ணாடியைத் தனியாகவும் அட்டையைத் தனியாகவும் பிரித்து, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். அன்று எனக்கு உறுத்தவில்லை. ஓலைச்சுவடிகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போன கதையை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் குரல் தழுதழுக்கச் சொல்பவன் நான்.

"தேடிப் பார்க்கிறேன் அய்யா" என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அந்தப் பொய்யிலிருந்து தொடங்குகிறது இந்தக் கட்டுரை.

*

கல்லூரி விளையாட்டின் நினைவு மற்ற நாடுகளில் எவ்வாறு பேணப்படுகிறது என்று அதன் பிறகு தேடிப் படிக்கலானேன். அமெரிக்காவில் ஒரு விந்தையைக் கண்டேன். அவர்கள் 'கால்பந்து' என்று அழைப்பது நம்முடைய கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, மோதி முன்னேறும் ஆட்டம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் என்று இரண்டு சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்களே. நம் ஊர்க் கல்லூரிகள் சில இவற்றைவிடப் பெரியவை. இவ்விரண்டும் 1884 முதல் இந்த ஆட்டத்தில் மோதிவருகின்றன. 'அமெரிக்காவின் மிகப் பெரிய சின்ன ஆட்டம்' என்று இதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு.

விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுத்து ஆட்களைச் சேர்க்கும் வழக்கம் இவ்விரு கல்லூரிகளிலும் இல்லை. இந்த அணிகளிலிருந்து தொழில்முறை ஆட்டக்காரர்கள் உருவாவது அரிதினும் அரிது. இருந்தும் ஒவ்வோர் ஆட்டத்தின் நாளும் புள்ளியும் ஏட்டில் இருக்கின்றன. ஆம்ஹெர்ஸ்ட் பிறந்ததே 1821-இல் வில்லியம்ஸின் தலைவர் தம் மாணவர் சிலரோடு பிரிந்துபோனதால்தான். போகும்போது நூலகப் புத்தகங்களையும் திருடிக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை. மெய்யில்லை என்கிறார்கள், ஆனால் கதை நிற்கிறது. பழைய மாணவர்கள் திரளும் நாளில் வில்லியம்ஸ் அணி தன் மைதானத்தில் வென்றால், ஆட்டக்காரர்கள் சேறுபடிந்த சீருடையோடு ஸ்பிரிங் தெரு வழியே நடந்து ஒரு முடிதிருத்தும் கடைக்குப் போவார்கள். அரண்மனைக்குப் போவதில்லை, ஆலயத்துக்கும் போவதில்லை, சலூனுக்குத்தான் போகிறார்கள். மரபு என்பது இவ்வளவு எளியதாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. 1806-ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர் இடிமழைக்கு ஒரு வைக்கோற்போரின் அருகே ஒதுங்கிச் செய்த வழிபாட்டிலிருந்துதான் அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கத்தின் கதை தொடங்குகிறது. 1810-இல் சங்கம் உருவானது. 1816-இல் அதன் ஊழியர்கள் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் ஒரு நிலையம் அமைத்தார்கள். பள்ளிக்கூடமும் மணியடித்து நேரம் பிரிக்கும் பாடமுறையும் எங்கள் ஊருக்கு வந்த வழிகளில் இது ஒன்று. பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிக்கூடத்தோடு வரவேண்டிய விளையாட்டு நினைவு மட்டும் இந்தப் பாதையில் எங்கோ இறங்கிக்கொண்டது.

*

அது இறங்கிய இடம் யாழ்ப்பாணம் என்று தோன்றுகிறது.

இதே மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி 1855-இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 1872-இல் எழுந்ததே யாழ்ப்பாணக் கல்லூரி. அதற்கும் கத்தோலிக்கரின் புனித பத்திரிசியார் கல்லூரிக்கும் இடையே 1917 முதல் நடந்துவரும் கிரிக்கெட் ஆட்டத்துக்குப் 'பொன் அணிகளின் போர்' என்று பெயர். அதினும் மூத்தது, யாழ். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய 'வடக்கின் பெருஞ்சமர்'. கல்லூரி என்ற பெயர் இருந்தாலும் இன்று இவை பள்ளிகளே; ஆடுபவர்கள் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

மார்ச் மாதம் வந்தால் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். மாணவர்கள் கொடிகளோடு வாகனங்களில் ஊர்வலம் போவார்கள். பப்பரே வாத்தியம் முழங்கும். ஒரே வீட்டில் அப்பா சென்ரலாகவும் பிள்ளை சென்ஜோன்ஸாகவும் இருந்துவிட்டால் அந்த மூன்று நாளும் சோறு இறங்காது. மத்திய கல்லூரி மைதானத்திலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருக்கின்றன யாழ்ப்பாணக் கோட்டையும் பொது நூலகமும். 1981-இல் அந்த நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பல் பறந்த வெளியில்தான் மறுபடியும் பந்து வீசினார்கள்.

விளையாட்டு அங்கே விளையாட்டாக மட்டும் இருந்துவிட முடியவில்லை. பரியோவான் கல்லூரி அதிபர் சி. இ. ஆனந்தராஜா 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ராணுவத்தினரோடு ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஓர் ஆட்டத்துக்காக ஓர் ஆசிரியரின் உயிரையே எடுக்கத் துணிந்த காலம் அது. போர்க்காலத்தில் சில ஆண்டுகள் பெருஞ்சமரும் நடைபெறவில்லை.

அவர்கள் கணக்கு வைத்திருக்கும் முறைதான் என்னை மிகவும் ஈர்த்தது. ஆண்டுகளை அவர்கள் எண்ணுவதில்லை. ஆடிய ஆட்டங்களையே எண்ணுகிறார்கள். நூறாவது, நூற்றுப்பத்தாவது என்று அந்த எண் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒன்று கூடுகிறது. நடக்காத ஆண்டு அந்தக் கணக்கில் ஒரு மௌனம். தொடர் மீண்டும் தொடங்கும்போது விட்ட எண்ணுக்கு அடுத்த எண். புலம்பெயர்ந்து டொரண்டோவிலும் லண்டனிலும் வாழும் பழைய மாணவன் ஊருக்குத் திரும்பி வரும்போது வீடு இல்லாமல் போயிருக்கலாம், தெருவின் பெயர் மாறியிருக்கலாம். ஆனால் தான் ஆடியது எத்தனையாவது சமர் என்பது அவனுக்குத் தெரியும். அந்த எண்ணே அவனுக்கு முகவரி.

*

"நம் ஆட்கள் விளையாட்டை மதிப்பதில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. நான் அதை ஏற்கவில்லை. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தவசிமடைக்கோ புகையிலைப்பட்டிக்கோ கொசவபட்டிக்கோ போய் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். எந்த ஊர் மாடு எந்த ஆண்டு யாரைத் தூக்கி எறிந்தது, யார் எத்தனை மாட்டை அணைந்தார் என்று மூன்று தலைமுறைக் கணக்கு வாய்மொழியாகவே வரும். கோயில் மாடு செத்தால் மாலையிட்டு மேளம் கொட்டி அடக்கம் செய்து, அந்த இடத்தைக் கும்பிடும் ஊர்கள் நம்முடையவை. சேலத்தை அடுத்த கருவந்துறையில், எருது விளையாடி உயிர்விட்ட சங்கன் என்பவனுக்கு அவன் மகன் நட்ட கல் கிடைத்திருக்கிறது. அரசன் நட்டதன்று, மகன் நட்டது. தன் தகப்பன் எப்படிச் செத்தான் என்பதைக் கல்லில் எழுதி வைக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

ஏடும் அப்படித்தான். ஏறு தழுவுதலின் தொன்மைக்கு நாம் முதலில் காட்டும் சான்று கலித்தொகையின் முல்லைக்கலி. மாடுகளின் நிறம், கொம்பின் அமைப்பு, பாய்ந்த இளைஞன் பட்ட பாடு, பரணிலிருந்து பார்த்த பெண்ணின் நெஞ்சு என்று ஓர் ஆட்டத்தின் முழு வருணனை அதில் இருக்கிறது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்களின் நாவில் அந்த நூலின் பெயர் இருந்தது. அந்நூலை 1887-இல் முதன்முதலில் அச்சேற்றியவர் சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். அவர் படித்தது எங்கே? மேலே சொன்ன வட்டுக்கோட்டைச் செமினரியில். சுவடி தேடி அலைந்து அவர் பதிப்பித்திராவிட்டால், தழுவிய காளையும் தழுவிய கையும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

ஆக, நினைவைப் பேணும் பண்பு நம் ஊர்களில் இருக்கிறது, நம் ஏடுகளில் இருக்கிறது. அது இல்லாத இடம் நம் கல்லூரிகள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைந்த இடத்தில்தான் எழுதி வைக்கும் வழக்கம் இல்லை என்பது எவ்வளவு பெரிய முரண்!

*

இதற்கு மறுப்பாக இரண்டைச் சொல்வார்கள். இரண்டும் புறந்தள்ளத் தக்கவை அல்ல.

முதலாவது, கல்லூரிப் போட்டி என்றாலே அடிதடி என்பது. தென்மாவட்டங்களில் ஆட்டத்தின் பகை சாதிப் பகையாக உருமாறும் என்ற அச்சம் நிருவாகங்களுக்கு உண்டு. அச்சம் பொய்யன்று. ஆனால் அந்த 1976 அணியைப் பாருங்கள். தோல் ஷாப் தொழிலாளியாகப் போனவரும் பின்னாளில் லாரி ஷெட் வைத்தவரும், என்னைத் தேடிவந்த பெரியவர் வாய்மொழியாகச் சொன்னபடி, ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்றவர்கள். மூன்று சாதி, மூன்று மதம். இதை எழுதி வைத்திருந்தால், இன்று கையில் நிறக் கயிறு கட்டிவரும் மாணவனுக்குக் காட்ட என்னிடம் ஒரு படம் இருந்திருக்கும். அதை எடைக்குப் போட்டுவிட்டு அவனுக்கு நல்லிணக்கம் பற்றிக் கருத்தரங்கம் நடத்துகிறேன்.

இரண்டாவது, மரபு என்ற பெயரில் தீமையும் நிலைத்துவிடும் என்பது. மெய்தான். அமெரிக்க ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை சிதைந்தவர்களின் துயரம் இன்றும் தொடர்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு பாடம் உண்டு. 1905-இல் மைதானத்தில் இறந்த இளைஞர்களைச் செய்தித்தாள்கள் எண்ணி வெளியிட்டன. அந்த ஆண்டே அதிபர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு விதிகள் மாறின. எண்ணி எழுதியதால்தான் திருத்தம் வந்தது. எழுதி வைக்காத இடத்தில் பெருமை மட்டுமா தொலைகிறது? குற்றமும் தடயமின்றித் தப்பிவிடுகிறது.

நான் கேட்பது மிகச் சிறியது. மைதானமும் வேண்டாம், கேடயமும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியிலும் கெட்டி அட்டை போட்ட ஒரு பேரேடு. நாள், எதிரணி, ஆடிய இடம், கோல் கணக்கு, ஆடியவர்களின் முழுப்பெயர். ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே பேரேடு. ஆண்டுக்கு ஒருமுறை, பக்கத்துக் கல்லூரியோடு, மாறாத ஒரு தேதியில் ஓர் ஆட்டம். பழைய மாணவர்களுக்கு ஓர் அஞ்சலட்டை. ஐந்து ஆண்டு நடத்திவிட்டால் ஆறாம் ஆண்டு அது தானே நடக்கும்.

*

ஜூலை இறுதியில் அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். படம் எங்கே போயிற்று என்பதையும் அதில் என் பங்கையும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி சார், கறையான் தின்றதுதானே, நீங்களா தின்றீர்கள்" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

கையோடு ஒரு நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். இலக்குக் காவலரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தில் அவரவர் நின்ற இடத்தைக் கையால் காட்டிக்காட்டிச் சொன்னார். யார் வெறுங்காலோடு ஆடினார், யாருக்கு பூட்ஸ் இருந்தது, மதுரையில் முதல் கோல் எப்படி விழுந்தது. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரரின் இடம் வந்தபோது, "மீசை இருந்தது, எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிக்கொண்டேன்.

பதினொரு பெயர்களில் மூன்றுக்கு அவருக்கு முதலெழுத்து நினைவில்லை. அந்த இடங்களை வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன்.