பிரம்பு கற்பிப்பது எதனை?

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெற்றோருள்ளும் ஆசிரியருள்ளும் பலர் ஒரு கல்விக் கோட்பாடாகவே போற்றி வருகின்றனர். திண்ணைப் பள்ளியில் மாணவனைக் கோதண்டத்தில் தொங்கவிட்ட காலம் மறைந்தது. ஆயினும் பிரம்பும் பூவரசந்தடியும் வகுப்பறையை விட்டு முற்றாக அகலவில்லை. மாணவரை உடலால் வருத்தலாகாது எனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றுநிருபம் விடுத்தது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிப்புற்ற வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென நாட்டின் உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. சட்டம் பேசிவிட்டது, பழமொழி மட்டும் இன்னும் வாய்மூடவில்லை.

பிரம்பின் ஆதரவாளர் கூறுவது யாது? ‘பயம் இருந்தாற்றான் படிப்பு ஏறும்’ என்பதே. இக்கூற்றில் ஒரு பாதி உண்மை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அச்சம் மிக விரைவாகக் கற்பிக்கிறது; கற்பித்ததை எளிதில் மறக்கவும் விடுவதில்லை. ஆனால் அது கற்பிப்பது எதனை என்பதே வினா. இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி பழமொழிக்கு இல்லை. மூளையை ஆராய்ந்தோர்க்கு உண்டு.

மூளையின் பக்கமடலின் உட்புறத்தே வாதுமைக்கொட்டை வடிவில் அமைந்த ‘அமிக்டலா’ என்னும் பகுதி, அச்சத்தின் இருப்பிடமென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அக்கருத்தைத் திருத்தின. அங்குள்ள நரம்பணுக்களுட் சில அச்சமூட்டுவனவற்றுக்கும் வேறு சில இன்பந் தருவனவற்றுக்கும் துலங்குகின்றன. 2015இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தார் எலிகளிற் செய்த ஆய்வொன்று இதனைத் தெளிவாக்கிற்று. வெகுமதியை நாடச் செய்யும் பகுதிக்குச் செல்லும் நரம்பணுக்களின் மீதான தொடுப்புகள், எலி வெகுமதியைக் கற்றபோது வலுப்பெற்றன. அச்சத்தைக் கற்றபோது வலுவிழந்தன. அச்சத் துலங்கலைப் பிறப்பிக்கும் பகுதிக்குச் செல்வனவற்றில் இதற்கு நேர்மாறானது நிகழ்ந்தது. தோட்டத்து வாய்க்கால்களைப் போன்றவை இவை: ஒன்றுக்கு நீரைத் திருப்பினால் மற்றது வற்றும்.

இவ்வமைப்பில் இன்னோர் உறுப்பும் உண்டு. மூளையின் நடுவே சிறிதாய் அமைந்த ‘ஹபெனுலா’வின் பக்கப் பகுதி, எதிர்பார்த்த பரிசு கிடையாதபோது கிளர்ந்தெழுந்து, நாட்டத்தைத் தூண்டும் டோப்பமீன் நரம்பணுக்களை அடக்குகிறது என்பதை 2007இல் மற்சுமோற்றோ, ஹிக்கோசக்கா ஆகியோர் குரங்குகளில் ஆராய்ந்து காட்டினர். துன்பம் வரும்போதும் அது கிளர்கிறது. அடிக்கு அஞ்சி அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் கணிதத்தில் ஆர்வம் இல்லையே எனக் குறைகூறுவோர், அணையைத் தாமே கட்டிவிட்டு ஆற்றை ஏசுகின்றனர்.

அங்ஙனமாயின் அடிவாங்கிய பிள்ளை மறுநாள் வாய்ப்பாட்டை ஒப்புவிப்பது எவ்வாறு? எதிர்பார்த்த துன்பம் வாராதொழியும்போது, மூளை அதனை ஒரு வெகுமதியாகவே கொள்கிறது, டோப்பமீன் எழுகிறது. தப்பித்தலின் நிம்மதியே அங்குப் பரிசு. பதுங்கு குழிக்குள் இருந்து, குண்டுவீச்சு விமானம் அகன்றபின் வெளியே வந்த எவருக்கும் இந்நிம்மதியின் சுவை தெரியும். அது விமானத்தின்மீது கொண்ட காதலாகுமா? ஆகாது. அவ்வாறே பிரம்புக்குத் தப்பிய பிள்ளையின் மகிழ்ச்சியும் கல்வியின்மீது கொண்ட காதலாகாது. அப்பிள்ளை கற்றது தப்பும் வழியை. பார்த்தெழுதுதல், பொய் கூறல், வயிற்றுவலி என்று வீட்டில் நிற்றல் ஆகியனவும் அவ்வழிகளே. அவற்றுக்கும் அதே பரிசுதான் கிடைக்கிறது.

இவ்வுண்மை எந்நாட்டுக்கும் பொருந்தும். குடாநாட்டுக்கோ இரட்டிப்பாகப் பொருந்தும். 1995 செப்டெம்பர் 22இல் நாகர்கோவில் பாடசாலை மாணவர்கள் விமானக் குண்டுவீச்சுக்குப் பலியாகினர். அடுத்த மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போர் மக்கள் மனத்தில் விட்ட வடுக்களை ஆராய்ந்து 1998இல் நூலொன்றே வெளியிட்டார். 2009இற் போர் முடிந்தது. ஆனால் அன்றைய பிள்ளைகளே இன்றைய பெற்றோர்; அன்றைய மாணவரே இன்றைய ஆசிரியர். ஒலி கேட்டதும் உடல் சுருங்கக் கற்ற ஒரு தலைமுறை, தன் மக்களுக்கும் அதே பாடத்தைப் பிரம்பால் ஓதுவது எவ்வளவு கொடிய முரண்!

‘அடிவாங்கிப் படித்தவர்களன்றோ வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வந்தனர்?’ என்று கேட்பர். பரிசளிப்பு விழா மேடையில் வென்றவரே பேசுகின்றனர். பிரம்புக்கு அஞ்சிப் பள்ளியை விட்டு விலகியவருக்கு எந்த விழாவிலும் இருக்கை இல்லை. வென்றவரும் அடியால் வென்றனரா, அடியையும் மீறி வென்றனரா என்பதை எவர் ஆராய்ந்தார்? ‘எலியும் குரங்கும் மனிதருக்குச் சான்றாகுமா?’ என்றும் வினவுவர். விலங்கிற் கண்டதனைத்தையும் மனிதர்மீது அப்படியே ஏற்றலாகாது என்பது உண்மையே. எனினும் மாட்டைச் சாட்சிக்கு அழைத்தவர் எலியை மறுக்க இயலாது.

தப்பவியலாத துன்பத்துக்குட்பட்ட நாய்கள், பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாது கிடந்ததை 1967இல் செலிக்மனும் மேயரும் கண்டனர். முயலாமை கற்கப்பட்டது எனவும் கருதினர். 2016இல் அவர்களே அம்முடிவைத் திருத்தினர். நீடித்த துன்பத்தின் முன் செயலற்றுப்போதல் உயிரின் இயல்பு. கற்கப்படுவது ‘என் செயலால் நிலை மாறும்’ என்னும் நம்பிக்கையே. நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி அதனைக் கற்கிறது என்றனர். பிள்ளைக்குப் பள்ளி ஊட்டவேண்டியது அந்நம்பிக்கையைத்தான். பிரம்போ அதனைப் பறிக்கிறது.

கலைப்பீடத்திலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுவோருட் பலர் நாளை ஆசிரிய நியமனம் பெறுவர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நெருக்கடி அவர்களையும் வளைத்துக்கொள்ளும். பெற்றோரே பிரம்பைக் கையில் கொடுத்து ‘அடித்துப் படிப்பியுங்கள்’ என்பர். அதனை வாங்க மறுக்கும் துணிவே அவர்களுடைய பட்டத்தின் உண்மையான மதிப்பு. மாடுகள் படிவதற்காகப் பள்ளிக்கூடங்கள் கட்டப்படவில்லை.