மதுக்கடையில் வான சாஸ்திரம்

வான சாஸ்திர நிபுணர்கள் மதுக்கடையில் பிரசங்கம் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நம்மவரில் பலர் முகம் சுளிக்கக் கூடும். அமெரிக்காவில் அவ்வாறே நடைபெற்று வருகிறது. மெக் ஷ்வாம்ப் என்னும் வான சாஸ்திரப் பெண்மணி 2013-ம் வருஷம் நியூயார்க் நகரில் இதைத் தொடங்கி வைத்தார். ‘அஸ்ட்ரானமி ஆன் டாப்’ என்பது இதன் பெயர். பின்னர் ஆஸ்டின், ஸியாட்டில் முதலிய நகரங்களுக்கும் இது பரவிற்று. நிபுணர்கள் நீண்ட உபந்நியாசங்களைத் தவிர்த்துச் சுருக்கமாகவே பேசுகிறார்கள். பீர்க் கோப்பையுடன் அமர்ந்திருப்பவர் கருந்துளையைப் பற்றியும் தூர கிரகங்களைப் பற்றியும் கூச்சமின்றிக் கேள்வி கேட்கிறார்.

இம்முயற்சியின் உட்கருத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். 2021 டிசம்பர் 25-ந் தேதி விண்ணில் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்குச் சுமார் 1000 கோடி டாலர் செலவாயிற்று. அதில் பெரும் பகுதி அமெரிக்கக் குடிகள் செலுத்திய வரிப்பணம். பணம் கொடுத்தவனுக்குப் பலனை அறியும் பாத்தியதை உண்டு. அதை அவனுக்கு விளங்கும் பாஷையில் சொல்வது பண்டிதர் காட்டும் தயவு அல்ல. அவர் செலுத்த வேண்டிய கடன். 2025-ல் நாஸாவின் விஞ்ஞான ஆராய்ச்சிக்குரிய தொகையை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கும்படி அமெரிக்க சர்க்கார் யோசனை கூறியது. அத்தகைய சமயத்தில் சாஸ்திரத்துக்காகப் பரிந்து பேச வேண்டியவர் ஜனங்களே. தாம் அறியாத ஒன்றுக்காக ஜனங்கள் எவ்வாறு பரிந்து பேசுவார்கள்?

ஆயினும், இடத்தைப் பற்றி நமக்கு ஓர் ஆக்ஷேபம் உண்டு. மதுவிலக்கில் நாம் கொண்டுள்ள பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் 21 வயது நிரம்பாதவர் மது வாங்கலாகாது. அவர்களை உள்ளே விடாத மதுக்கடைகளும் பல. வானத்தைப் பார்த்து வியந்து கேள்வி கேட்பதற்கு உரிய பருவமோ பத்துப் பன்னிரண்டு வயது. அப்பருவத்தாரை வாசலில் நிறுத்திவிட்டு நடத்தும் பிரசங்கம், எவ்வளவு சிறந்ததாயினும், பாதிப் பிரசங்கமே.

மதுவின்றி இக்காரியம் நடவாது என்பாரும் இருக்கலாம். அனுபவம் அதற்கு மாறாக இருக்கிறது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் 1998-ல் டங்கன் டல்லஸ் என்பவர், காப்பிக் கடையில் கூடி விஞ்ஞானம் பேசும் வழக்கத்தைத் தொடங்கினார். அதற்கும் முன்பே, ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஜான் டாப்ஸன் என்பவர் கடையையே நாடவில்லை. அந்நகர வேதாந்த சங்கத்தின் மடத்தில் இருபது வருஷங்களுக்கு மேல் துறவியாக வாழ்ந்த அவர், 1967-ல் மடத்தை விட்டு வெளிவந்தார். மலிவான பொருள்களைக் கொண்டு தம் கையாலேயே தொலைநோக்கிகளைச் செய்தார். அவற்றைத் தெருவோரத்தில் நிறுத்தி, போவோர் வருவோரை அழைத்துச் சந்திரனையும் சனியையும் காட்டினார். 1968-ல் அதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. தெருவுக்கு வயதுக் கட்டுப்பாடு இல்லை. நுழைவுச் சீட்டும் இல்லை.

ஆகவே, கேட்போரைக் கவர்வது கோப்பையில் உள்ள பானம் அன்று. பண்டிதர் மேடையை விட்டிறங்கிச் சமமாக உட்கார்ந்து பேசுவதே. மதுக்கடைக்குப் போன நிபுணர்களை நாம் குறை கூறவில்லை. ஜனங்கள் இருக்கும் இடத்தைத் தேடிச் சென்றது அவர்களுடைய பெருமை. அத்துடன் நின்றுவிடாமல், புஸ்தகசாலைக்கும் பூங்காவுக்கும் தெருமுனைக்கும் அவர்கள் செல்ல வேண்டும். ஆகாயம் எல்லோருக்கும் பொது. அதைப் பற்றிய பேச்சும் பொதுவாக இருப்பதே நியாயம்.