வீட்லயே மேனிக்யூர்: மிச்சமான 500 ரூபாய் எங்க போச்சு?



"வீட்லயே மேனிக்யூர் பண்ணுங்க, மாசம் 500 ரூபாய் மிச்சம்!" இந்த டிப்ஸை நிறைய பேர் சொல்லிக் கேட்டிருப்பீங்க. நானும் வீட்லயே பண்ணுங்கன்னுதான் சொல்லப் போறேன். ஆனா அதோட நிறுத்தினா அது பாதி டிப்ஸ்தான். மிச்சமான 500 ரூபாய் மாசக் கடைசியில எங்க இருக்குன்னு காட்ட முடியலைன்னா, நீங்க சேமிக்கல. வேற எதுக்கோ செலவு பண்ணியிருக்கீங்க, அவ்வளவுதான்.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். பொண்ணுங்க பார்லர் போறதை மட்டும் பிடிச்சுக்கிட்டு "ஆடம்பரம்"னு திட்டுற கூட்டத்துல நான் இல்ல. பைக்குக்கு ஸ்டிக்கர், சைலன்சர்னு மாத்துற தம்பிகிட்ட யாரும் கணக்கு கேட்கிறதில்லையே! கஸ்டமரை நேர்ல பார்க்கிற வேலையில கையும் நகமும் சுத்தமா இருக்கணும். அது ஆண்களுக்கும்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். கடத்தூர்ல இருந்து ஓசூர், பெங்களூருன்னு வேலைக்குப் போய் பி.ஜி.யில தங்கியிருக்கிற ஒருத்தரை எடுத்துக்குவோம். அங்க பார்லர்ல ஒரு தடவைக்கு 500 ரூபாய்னு வெச்சுக்குவோம். முன்னாடி 18% ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய் ஆகும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து அழகு நிலையங்களுக்கு வரி 5% ஆயிடுச்சு, அதனால இப்ப 525 ரூபாய். பில்லுல இன்னும் 18% போட்டிருந்தா தயங்காம கேளுங்க. நம்ம ஊர்ல இருக்கிற சின்ன பார்லரோட வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டலைன்னா பொதுவா ஜிஎஸ்டி பதிவே தேவையில்ல. பதிவு இல்லாத கடை உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது.

மாசம் ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 6,300 ரூபாய்.

வீட்ல செய்ய என்ன வேணும்? நல்ல நகவெட்டி, ஒரு நெயில் ஃபைல், வெதுவெதுப்பான தண்ணி, தேங்காய் எண்ணெய். நகத்தை வெட்டி, ஒரே பக்கமா தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் தண்ணியில ஊற வெச்சு, ஈரம் போகத் துடைச்சு எண்ணெய் தடவுங்க. நகத்தோட அடியில ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை மட்டும் வெட்டாதீங்க. கிருமி உள்ளே போகாம காக்கிறதே அதுதான். அங்க சீழ் பிடிச்சா மிச்சம் பிடிச்ச காசு டாக்டருக்குப் போயிடும். விரல் நகம் மாசத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், கெட்டுப் போன நகம் முழுசா மாற ஏறக்குறைய ஆறு மாசம் ஆகும். கலர் வேணுமா? வேலியில இருக்கிற மருதாணி இலையை அரைச்சு வெச்சுக்கோங்க, செலவே இல்ல.

இங்க மூணு இடத்துல காசு ஓட்டையாகும். ஒண்ணு, "இனிமே வீட்லயே"ன்னு உற்சாகத்துல யு.வி. லேம்ப்போட ஜெல் கிட் வாங்குறது. ஜெல் தோல்ல பட்டா அலர்ஜி வரலாம். ஜெல்லுல சேர்க்கிற டிபிஓ-ங்கிற பொருளை 2025 செப்டம்பர்ல இருந்து ஐரோப்பிய ஒன்றியம் தடையே பண்ணிடுச்சு. கல்யாணம், விசேஷத்துக்கு ஜெல் வேணும்னா தொழில் தெரிஞ்சவங்ககிட்ட போங்க. அவங்க உழைப்புக்குக் குடுக்கிற காசு வீண் இல்ல. ரெண்டு, "5,000 கட்டுங்க, 7,000-க்கு சர்வீஸ்"ங்கிற பேக்கேஜ். அது உங்க அவசரத் தேவைக்குத் திரும்ப வராத பணம். மூணு, பார்லருக்கே போகாதவங்க "மிச்சம் பண்றேன்"னு கிட் வாங்குறது. இல்லாத செலவை எப்படிங்க குறைக்க முடியும்?

இப்ப முக்கியமான விஷயம். சம்பளம் வந்த அன்னைக்கே அந்த 500 ரூபாயைத் தனியா நகர்த்திடுங்க. கடத்தூர் தபால் ஆபீஸ்லயே ஆர்.டி. போடலாம். இப்போதைய 6.7% வட்டியில மாசம் 500 வீதம் 5 வருஷம் கட்டினா, நீங்க போட்டது 30,000, கைக்கு வர்றது சுமார் 35,680 ரூபாய். ஆனா 3 வருஷத்துக்கு முன்னாடி கணக்கை மூட முடியாது. அதனால கையில அவசரகாலப் பணமே இல்லாதவங்க, முதல்ல அதைத் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சேர்த்துட்டு அப்புறம் ஆர்.டி.க்கு வாங்க.

500 ரூபாய் உங்களைப் பணக்காரராக்காது. ஆனா "மிச்சம் பண்ணேன்"னு வாயால சொல்றதுக்கும் பாஸ்புக்கைத் திறந்து காட்டுறதுக்கும் உள்ள வித்தியாசத்தை, முதல் சம்பளம் வாங்குற வயசுலயே கத்துக் குடுத்துடும். அந்தப் பழக்கம் நாளைக்கு 5,000 மிச்சமாகும்போதும் கூடவே வரும்.