புளிக்காத மாவு

சித்திரை வெயிலில் மதுரை வில்லாபுரத்தில் மாவு பொங்க ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டாம். காலையில் ஆட்டினால் சாயங்காலத்துக்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். மாவு தீர்ந்ததும் அம்மா சட்டியில் ஒரு கை தண்ணீர் விட்டுக் கழுவி, அதையும் மெல்லிசாக ஒரு தோசை ஊற்றுவார். "ஏன் அப்பத்தா?" என்று என் மகள் கேட்டாள். "சாப்பிடுற நேரத்துல அதெல்லாம் எதுக்குத்தா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

புளித்த மாவின் வாடையே எட்டு நாள் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் கொச்சி யூதர்கள். அந்த எட்டு நாள் பண்டிகை அவர்களுக்குப் பெசாக், நம்மூர் பைபிளில் பஸ்கா. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள் மோசேயின் பின்னால் விடுதலையாகிப் புறப்பட்ட ராத்திரியின் நினைவு அது. மாவு புளிக்க அன்று நேரமில்லை. அப்படியே சுட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அதனால் இன்றும் மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் சுட்டெடுத்த அப்பம்தான் பண்டிகைக்கு ஆகும்.

1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றிய மட்டாஞ்சேரி வீடுகளில் இந்த ஆசாரம் படு கண்டிப்பாக இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்து, கிணற்றை இறைத்துக் கழுவி, தனிப் பாத்திரங்களை எடுப்பார்கள். ஐரோப்பிய யூதர்கள் பலர் அந்த நாட்களில் ஒதுக்கும் அரிசி அங்கே சமையலில் இருந்தது. ஆனால் கோதுமை ஒன்றுகூடக் கலந்துவிடாமல் மணி மணியாகப் பார்த்தாக வேண்டியிருந்தது.

முதல் ராத்திரி விருந்தில் கசப்புக் கீரை இருக்கும். அடிமை வாழ்வின் கசப்பு அது. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர். செங்கல் அறுத்த சேற்றுக்குப் பேரீச்சம்பழ விழுது. இன்றைக்கு மட்டும் ஏன் இப்படி என்று வீட்டின் கடைக்குட்டி கேட்க வேண்டும். தாங்களே எகிப்திலிருந்து நடந்து வந்ததுபோலப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

நாமோ, அம்மா பேச்சை மாற்றியதுபோல, பட்ட பாட்டைப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். பாசத்தால்தான். ஆனால் தெரியாத பசிக்குப் பிள்ளை எப்படி மரியாதை செய்யும்? கொச்சியிலிருந்து பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். பதில் சொல்லும் வழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

பெசாக் எப்போதும் வசந்தத்தின் முழுநிலவில் வரும். 2024 ஏப்ரல் 22 ராத்திரி யூத வீடுகளில் விருந்து. மறுநாள் விடியலில் இங்கே மதுரையில் அழகர் வைகையில் இறங்கினார். இரண்டுக்கும் ஒரே நிலாதான்.

இந்தச் சித்திரா பௌர்ணமிக்கு மொட்டைமாடியில் பாய் விரிக்கப்போகிறேன். அந்தக் கழுவிய தோசையையே முதலில் பரிமாறி, மகளை மறுபடி கேட்கச் சொல்வேன். அம்மா பதில் சொல்லும்வரை ஒருவரும் எழப்போவதில்லை.