டிரான்ஸ்பார்மரை மேஜைக்கடியில் ஒளிக்காதீர்கள்!

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாடல் ரயில் வீடியோ ஒன்று வந்தது. எட்டுக்கு நாலு அடி பிளைவுட், தெர்மாகோல் மலை, குகை, பாலம். அருமையான உழைப்பு. பாராட்டிவிட்டு, "டிரான்ஸ்பார்மர் எங்கே?" என்று கேட்டேன். "கீழே, துணிக்குப் பின்னால தெரியாம வச்சிருக்கோம் மாமா" என்று பதில் வந்தது. தவறு என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். "12 வோல்ட்டில் என்ன ஆகிவிடும்?" "பொம்மை ரயிலுக்கு இவ்வளவு சட்டமா?" "சார் டீச்சர் ட்ரெயினிங் படிச்சவர், கரண்ட் விஷயம் எங்களுக்குத் தெரியும்."

ஆமாம், நான் பட்டயம் படித்தவன்தான். எட்டாம் வகுப்பு வரை அறிவியல் நடத்தியவன். இந்த விஷயத்துக்கு அந்த அறிவியலே போதும்.

முதல் கேள்வி 12 வோல்ட். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட், அதைத் தொட்டால் ஷாக் அடிக்காது. சரி. ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு இரண்டு பக்கம் உண்டு என்று வகுப்பில் சொன்னது மறந்துவிட்டதா? ஒரு பக்கம் 12 என்றால் மறுபக்கம் 230. நீங்கள் மேஜைக்கடியில் கொண்டுபோய் வைத்திருப்பது அந்த 230-ஐ. கவிழ்ந்து விழுந்த பெட்டியைத் தேடி அங்கே தவழ்ந்து போவது யார்? குழந்தை. ஈரத் துணியால் தரை துடைப்பது எங்கே? அங்கேதான். சிலர் கடையில் வாங்கிய 12-0-12 டிரான்ஸ்பார்மரை மூடிகூட இல்லாமல் பலகையில் திருகி வைக்கிறார்கள். சுவரிலேயே செருகும் மூடிய அடாப்டர் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. திறந்து கிடப்பதைத்தான் சொல்கிறேன்.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. இங்கிலாந்தில் ஹார்ன்பி நிறுவனம் 1925-ல் வெளியிட்ட முதல் மின்சார ரயில், இடையில் ஒரு பல்பை வைத்து வீட்டு மின்சாரத்திலேயே ஓடியது! ஜெர்மனியில் மார்க்லின் 1926-ல் 20 வோல்ட்டுக்கு மாறியது. அதிக வோல்ட்டைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் தள்ளிவைக்கவேண்டும் என்பதை நூறு வருடத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டார்கள். தள்ளி வைத்ததை நாம் குழந்தையின் காலடியில் கொண்டுவந்து வைக்கலாமா?

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இருந்து பேரனுக்கு ரயில் செட் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கின் முனையை மட்டும் மாற்றும் சின்ன அடாப்டர் வோல்ட்டைக் குறைக்காது. அப்படியே செருகினால் டிரான்ஸ்பார்மர் எரியும். மேஜைக்கடியில், துணிக்குள், தெர்மாகோலுக்குக் கீழே எரியும். முதல் புகையை யார் பார்ப்பது?

இன்னொன்று, மெத்தப் படித்தவர்களும் கவனிக்காதது. ஏ.சி.யில் ஓடும் பழைய வகை ரயிலுக்கு இரண்டு டிரான்ஸ்பார்மர் இணைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒன்றின் பிளக்கை மட்டும் பிடுங்குகிறீர்கள். மற்றதிலிருந்து தண்டவாளம் வழியாக வரும் மின்சாரம் இதில் தலைகீழாக நுழையும். குறைந்த வோல்ட் உயர்ந்து, உங்கள் கையில் இருக்கும் பிளக்கின் முனைகளில் ஏறத்தாழ வீட்டு மின்சாரத்தின் அளவுக்கே நிற்கும். "பிளக்கைப் பிடுங்கிட்டேனே" என்று அதைத் தொடுபவர் கதி? அதனால்தான் எல்லா டிரான்ஸ்பார்மரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே மெயின் ஸ்விட்சில் இருக்கவேண்டும் என்கிறேன். அணைத்தால் எல்லாம் சேர்ந்து அணையவேண்டும்.

"அப்படியானால் டிரான்ஸ்பார்மரை மேஜைமேல் வைத்து அழகைக் கெடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். டிரான்ஸ்பார்மரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? டிரான்ஸ்பார்மர் சுவரோரம், பிளக் பாயிண்டுக்குப் பக்கத்தில், காற்றோட்டமான பலகைமேல், குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். அங்கிருந்து மேஜைக்கு வருவது 12 வோல்ட் ஒயர் மட்டும். தூரமானால் வோல்ட் குறையுமே என்பீர்கள். கணக்குப் போடுவோம். 4 மீட்டர் தூரம், போகவர 8 மீட்டர். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் 1 ஆம்பியருக்குச் சுமார் 0.3 வோல்ட் குறையும். வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மி.மீ. ஒயர் என்றால் 0.1 வோல்ட். இதற்காகவா 230-ஐக் கீழே இழுத்துப் போகிறீர்கள்?

இனி கட்டுப்பாடு. அதைப் பின்மூலையில், பெரியவர் கைக்கு மட்டும் எட்டும்படி வைக்கிறார்கள். ரயில் யாருக்கு வாங்கியது? அப்பாவுக்கா, பிள்ளைக்கா? பழைய சிக்னல் கேபின்களைப் பார்த்திருப்பீர்கள். மாடி உயரம், மூன்று பக்கமும் ஜன்னல். லீவரை இழுப்பவர் கண்ணுக்குத் தண்டவாளம் தெரியவேண்டும், அதுதான் காரணம். உங்கள் மேஜையிலும் அதே விதிதான். முன்விளிம்பில், குழந்தையின் நெஞ்சளவு உயரத்தில், முழுப் பாதையும் தெரியும் இடத்தில் வையுங்கள். மலை மறைத்தால் மலையை நகர்த்துங்கள், கட்டுப்பாட்டை அல்ல.

நிறுத்தும் ஸ்விட்ச் மட்டும் ஒன்றுக்கு இரண்டாக, இரு பக்கமும் இருக்கட்டும். நிஜ ரயிலில் நிறுத்தும் வசதி ஓட்டுநரிடம் மட்டுமா இருக்கிறது? கடைசிப் பெட்டியில் கார்டு கையிலும் பிரேக் உண்டு, பயணிக்கும் சங்கிலி உண்டு. ஆபத்தை முதலில் பார்ப்பவர் யாராக இருந்தாலும் நிறுத்த முடியவேண்டும். வேடிக்கை பார்க்கும் தங்கச்சிக்கும் அந்த உரிமை உண்டு.

கோபமாக எழுதியதாக நினைக்கவேண்டாம். ஒளித்து வைப்பது வேறு, ஒழுங்காக வைப்பது வேறு. வீட்டில் இப்படி ரயில் ஓடுகிறவர்கள் இன்றே அந்தத் துணியை விலக்கிப் பாருங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு டிரான்ஸ்பார்மரை வெளியே எடுங்கள். பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு, ரயிலை ஓட்டுவதற்கு முன்னால் நிறுத்தச் சொல்லிக்கொடுங்கள்.

மறுப்பு இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்